ஏழு கதவும் முதல் மூன்று தெரபி செஷனும்

கோட்டையூரில் எங்கள் வீட்டில் இரவில் பூட்ட வேண்டிய கதவுகள் ஏழு. முகப்பு நிலைக்கதவு, மாடிப்படிக் கதவு, வளவு என்கிற நடு முற்றத்துக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில் ஒன்று, சாமான் அறை, அடுப்படி, பின்கட்டு, கடைசியாக அடுத்த தெருவில் போய்த் திறக்கும் கொல்லைக்கதவு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் இன்னொரு தெருவில் இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பாதி பங்காளிகளுடையவை. அவை வருடம் முழுக்கப் பூட்டியேதான் கிடக்கும். ஒரு காலத்தில் கல்யாணம் காட்சி என்றால் நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு. இப்போது ஆத்தா (அம்மா), நான், எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், மூன்றே பேர். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்.

2021இல் அப்பச்சி (அப்பா) தவறிய பிறகு சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. முதல் சில மாதங்கள் ஒரே சுற்றுதான் போய் வந்தேன். அப்புறம் படுக்கப் போகும் முன் இன்னொரு சுற்று. 2023 தொடக்கத்தில் ஒரு ராத்திரிக்குப் பதினைந்து சுற்றுவரை ஆகிவிட்டது. பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பூட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். திரும்பி நாலு எட்டு வைத்ததும், இப்போது இழுத்துப் பார்த்தேனே அது இன்றைக்கா, நேற்று பார்த்த ஞாபகமா என்று ஒரு சந்தேகம் வரும். வந்துவிட்டால் போச்சு, நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், போய்ப் பார்த்தால்தான் அடங்கும். அடங்குவதும் ஐந்து நிமிடத்துக்குத்தான்.

பிறகு போனில் பூட்டுகளைப் படம் எடுக்க ஆரம்பித்தேன். காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துக் கொல்லைக்கதவுப் பூட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தேதி இருக்கும், மணி இருக்கும். படம் எடுத்த பிறகு நானே திறந்திருந்தால் என்ன செய்வது என்று உடனே அடுத்த கேள்வி வரும். ஒரு கட்டத்தில் பூட்டுப் படங்கள் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன.

இது ஓசிடி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். கை கழுவிக்கொண்டே இருப்பதுதான் ஓசிடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததால், எனக்கு வந்திருப்பது அதுதான் என்றே தெரியவில்லை. அதற்காகத் தெரபிக்கு, அதாவது பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் தரும் மனநலச் சிகிச்சைக்குப் போனேன். முதல் முறை போகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கும் என்று தமிழில் யாராவது விவரமாக எழுதியிருந்தால் நான் ஒரு வருடம் முன்னாலேயே போயிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போகாமல் இருந்ததற்கு முதல் காரணம் ஊர். எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் “நீங்க எந்த ஊரு, எந்தக் கோயிலு?” என்பார்கள். கோயில் என்றால் எங்களுக்குக் குலப்பிரிவு. கோயிலைச் சொன்னால் அடுத்தது “யார் வீட்டுப் பிள்ளை?” அடுத்த கேள்வி வருவதற்குள் ஏதாவது ஒரு வழியில் உறவு வந்துவிடும். கல்யாண வீட்டில் அது எவ்வளவு சந்தோஷமான விஷயம்! ஆனால் மனநல டாக்டர் ரூம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டால்? நாளைக்கு மகனுக்குப் பெண் பார்க்கும்போது இந்தப் பேச்சு வருமே என்றெல்லாம் யோசித்தேன். அவனுக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகிறது.

இரண்டாவது காரணம் ஆத்தா. கோபமெல்லாம் இல்லை, பயம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் செத்துப்போனது இன்னும் அவர்கள் மனதில் இருக்கிறது. இங்கிருந்து ஏர்வாடி தூரமும் இல்லை. “என்னத்தா, கொண்டுபோய்க் கட்டிப்போட்டுருவாகளா?” என்று நிஜமாகவே கேட்டார்கள். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று இருப்பதை வாசித்துக் காட்டினேன். நான் போகப்போவது ஒரு அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு வரத்தான் என்றும் சொன்னேன். பாதி நம்பினார்கள். முதலில் குணசீலம் போய்விட்டு வருவோம் என்றார்கள். திருச்சிப் பக்கம் காவிரிக்கரையில் இருக்கும் பெருமாள் கோயில். மனம் சரியில்லாதவர்களை ஒரு மண்டலம் தங்கவைத்துத் தீர்த்தம் தெளிக்கும் வழக்கம் அங்கே உண்டு. போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். மனதுக்கு நன்றாக இருந்தது. கோயிலுக்குப் போனால் தெரபிக்குப் போகக் கூடாது என்றோ, தெரபிக்குப் போனால் சாமி கும்பிடக் கூடாது என்றோ ஒன்றும் இல்லை. என் தெரபிஸ்டும் அப்படிச் சொன்னதில்லை.

கவுன்சிலிங்குக்கு நான் முதலில் போனவர் சரியாக அமையவில்லை. ஊரும் பேரும் வேண்டாம். இருபது நிமிடம் பேசினோம், அதில் பதினைந்து நிமிடம் அவர்தான் பேசினார். நடுவில் இரண்டு போன் வேறு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் வரும் பயம் இது, சிசிடிவி போடுங்கள், தியானம் பண்ணுங்கள் என்றார். நம்பிப் போட்டேன், நாலு கேமரா. அன்றிலிருந்து படுக்கையில் படுத்துக்கொண்டே போனில் கேமராவைப் பார்க்க ஆரம்பித்தேன். நடந்து போய்ப் பார்த்தபோது கால் வலித்தாவது ஓய்ந்துவிடுவேன். இப்போது விடிய விடியப் பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் இன்னொருவரிடம் போகவே மனம் வரவில்லை.

இதில் என் தவறு ஒன்று உண்டு. அவர் என்ன படித்திருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. நம் ஊரில் கவுன்சிலிங் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துவிடுகிறார்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பாக மனநலம் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார். அவர்களை இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு செய்கிறது. ஆர்.சி.ஐ. பதிவு எண் என்பார்கள். போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே அதைக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அங்கே போகாதீர்கள்.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, கொல்லைக்கதவுப் பக்கத்தில் இருக்கும் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து 14416க்குப் போன் செய்தேன். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது. எந்த நேரமும் பேசலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம். எடுத்த பெண்ணிடம் நான் முதலில் சொன்னதே “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலைங்க” என்பதுதான். “பரவாயில்லைங்க, மெதுவா சொல்லுங்க, நான் லைன்லதான் இருக்கேன்” என்றார். பேர் கேட்டார். எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. கதவைப் பற்றிச் சொன்னேன். நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். இது பைத்தியம் இல்லை, இதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று ஒருவர் தெளிவாகச் சொன்னது அன்றைக்குத்தான். (சாகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வருகிறவர்கள் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.)

பிறகு ஒரு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். சிவகங்கையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நம்மில் பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை. அவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், ஓசிடிக்கு மாத்திரையோடு தெரபியும் சேர்ந்தால் நல்லது என்று சொல்லி மதுரையில் ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார்.

சரி, அந்த முதல் நாளுக்கு வருகிறேன்.

காரைக்குடியில் பஸ் ஏறி, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை. ஆபீஸில் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை. ஒரு துண்டுச் சீட்டில் பதினொரு பாயின்ட் எழுதிவைத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை. நீங்களும் எழுதிக்கொண்டு போகலாம், போகாமலும் இருக்கலாம். கேள்வி கேட்பது அவர்கள் வேலை.

சின்ன அறை. படுக்கும் சோபா எல்லாம் இல்லை. இரண்டு பிரம்பு நாற்காலி, அவை நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தன. அது நல்லதாகப் போயிற்று, அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச முடிந்தது. முதலில் ஒரு படிவம். வயது, வேலை, தூக்கம், பசி, வேறு நோய்கள், தைராய்டு பார்த்தீர்களா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. அதற்குப் பிறகு இன்னொரு தாள், சம்மதப் படிவம். அதை அவர் என்னிடம் நீட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு வரியாக விளக்கிச் சொன்னார்.

இங்கே பேசுவது வெளியே போகாது. உங்கள் வீட்டுக்காரர் போன் செய்து கேட்டாலும், ஆத்தா கேட்டாலும், உங்கள் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன். 2017 சட்டத்திலேயே அந்த உரிமை இருக்கிறது. விதிவிலக்கு சில உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரியவந்தால், கோர்ட் கேட்டால். இவ்வளவுதான். என் சீனியரிடம் கேஸைப் பற்றிக் கலந்து பேச வேண்டிவந்தால் பேர், ஊர் இல்லாமல் பேசுவேன் என்றார். நான் திரும்பத் திரும்ப, “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?” என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்றாவது முறை அவர் பதில் சொல்லாமல், “இப்படி ஒரு கேள்விய மறுபடி மறுபடி கேக்கணும்னு வீட்லயும் தோணுமா?” என்றார். அங்கிருந்துதான் பேச்சே தொடங்கியது.

கதவைப் பற்றி விவரமாகக் கேட்டார். எத்தனை கதவு, எந்த வரிசை, எவ்வளவு நேரம் ஆகிறது, போகவில்லை என்றால் என்ன ஆகும் என்று பயம், பகலில் வருமா, ஆபீஸில் வருமா. நான் டாக்டரிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சாவிக்கொத்து எப்படி இருக்கும் என்று கேட்டபோது உடைந்துவிட்டேன். இரும்பு வளையம். என் முன்கை நீளத்துக்கு ஒரு சாவி, மீதியெல்லாம் சின்னது. வளையத்தில் ஒரு இடத்தில் அப்பச்சி சிவப்புத் துணி சுற்றிவைத்திருப்பார்கள், ராத்திரி இருட்டில் கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று. அந்தத் துணி இன்னும் இருக்கிறது. அதைச் சொன்னதும் அழுகை. அப்பச்சி இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை, வந்தவர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. அவர் டிஷ்யூவை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அழாதீங்க என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் ஒருவர் அழுதால் ஐந்து பேர் சேர்ந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது.

ஐம்பது நிமிடம். முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால், “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு” என்று சொன்னார். ஆயிரம் ரூபாய் கட்டணம், முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததுதான். அறிவுரை ஒன்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் இதே கிழமை, இதே நேரம் என்று எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும் மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆகவில்லை. தலைவலி, களைப்பு. மேலூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். முழித்தபோது கோபமாக வந்தது. ஆயிரம் ரூபாய் கொடுத்து, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய், நான்தானே பேசிவிட்டு வந்தேன், அவர் என்ன செய்தார்? முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்பச்சியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேனே என்று கூச்சம் வேறு. அன்று ராத்திரி இருபத்திரண்டு சுற்று.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். முதல் செஷனுக்குப் பிறகு மோசமாகத் தோன்றலாம். பலருக்கு அப்படி ஆகும் என்று பின்னால் அவரே சொன்னார். மூடிவைத்திருந்த அறையைத் திறந்தால் முதலில் தூசிதான் பறக்கும், முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்காகப் பங்காளிகள் அறையைத் திறக்கும்போது நாங்கள் வருடா வருடம் பார்ப்பதுதான். அதை வைத்து ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று நின்றுவிடாதீர்கள். மூன்று முறையாவது போங்கள். ஆனால் அவர் உங்களைக் கேவலமாகப் பேசினாலோ, உங்கள் சாதியை, கல்யாண வாழ்க்கையைத் தீர்ப்பு சொல்வதுபோலப் பேசினாலோ, ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தாலோ மூன்று முறை காத்திருக்க வேண்டாம், வேறொருவரைத் தேடுங்கள். அசௌகரியம் வேறு, அவமானம் வேறு. அந்த வித்தியாசம் உட்கார்ந்திருக்கும்போதே தெரியும்.

இரண்டாவது செஷனில் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாள். யேல்-பிரவுன் அளவுகோல் என்று பெயர். எண்ணங்களைப் பற்றி ஐந்து, செயல்களைப் பற்றி ஐந்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை, மொத்தம் நாற்பது. எனக்கு 26. ஒரு எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது, கணக்கு எழுதுகிறவள் அல்லவா. எண் இருந்தால் அது குறையவும் செய்யும். மனச்சோர்வுக்கு வருகிறவர்களுக்கு ஒன்பது கேள்வி கொண்ட வேறு தாள் உண்டு, பதற்றத்துக்கு ஏழு கேள்வி உள்ளது. தாளைக் கொடுத்தால் பரீட்சை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். சில மாதம் கழித்து அதையே மறுபடி போட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாவதில், “இந்தச் சிகிச்சைலருந்து உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். பயம் போகணும் என்றேன். பயம் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்றார். மகனோடு உட்கார்ந்து ராத்திரி அவன் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பேன் என்றேன். அதையே இலக்காக எழுதிக்கொண்டார். அன்றுதான், “அப்பச்சி இருந்தப்ப யார் பூட்டுவாங்க?” என்றும் கேட்டார். பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்பது மணி சங்கு ஊதினாற்போல அப்பச்சி எழுந்து போய்ப் பூட்டிவிட்டு வந்து, வளவுத் தூண் பக்கத்தில் நின்று “எல்லாம் ஆச்சு” என்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

காரணம் தெரிந்துவிட்டது, இனிமேல் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அன்று ராத்திரியும் சுற்றினேன். காரணம் தெரிவது ஆறுதல். பழக்கத்தை மாற்ற வேறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்றார் அவர்.

அந்த வேலை என்னவென்றால், பயம் வரும் இடத்துக்குப் போய், பயம் சொல்வதைச் செய்யாமல் நிற்பது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் இந்த முறையைத் தொடங்கிவைத்தார். இன்றும் ஓசிடிக்கு முதலில் சொல்லப்படும் பேச்சுவழிச் சிகிச்சை இதுதான். முதலில் ஒரு ஏணி எழுதச் சொன்னார், குறைந்த பயத்திலிருந்து அதிகப் பயம் வரை, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று ஒரு எண். வீட்டில் அப்பச்சியின் பழைய சிட்டை நோட்டு ஒன்று, பாதிக்கு மேல் எழுதாமல் கிடந்தது. நீளமான தாள், சிவப்புக் கோடு. அதில் எழுதினேன். சாமான் அறையை ஒரே முறை பார்ப்பது, இருபது. போனில் படம் எடுக்காமல் ஆபீஸ் போவது, ஐம்பது. கொல்லைக்கதவை ஒரே முறை பூட்டிவிட்டுப் போய்ப் படுப்பது, எண்பது. சாவியை வேறொருவரிடம் கொடுத்து அவர் பூட்ட, நான் பார்க்காமல் இருப்பது, தொண்ணூறு.

கீழ்ப்படியிலிருந்துதான் ஆரம்பித்தோம். கொல்லைக்கதவுக்கு வர இரண்டு மாதம் ஆனது. அந்த ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. பூட்டினேன். ஒரே முறை இழுத்தேன். திரும்பி நடந்து வளவுக்கு வந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். 9.40க்கு எழுதினேன், 80. 9.45க்கு 90. தொண்டை வறண்டுபோய், எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. “ஆத்தா, நான் பூட்டினேனா?” என்றேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஆத்தாவை ஒரு செஷனுக்குக் கூட்டிப்போயிருந்தேன், என் சம்மதத்தோடு. நான் கேட்கும்போதெல்லாம் “பூட்டிட்டேத்தா, நான் பாத்தேன்” என்று சொல்லிச் சொல்லி, தெரியாமலேயே நோய்க்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று பட்டாலையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, “நான் பதில் சொல்லக் கூடாதுல்லத்தா” என்றார்கள். குரல் நடுங்கியது. என்னைவிட அவர்களுக்குக் கஷ்டம். 9.55க்கு 85. 10.05க்கு 70. வளவில் நிலா வெளிச்சம், எங்கேயோ பல்லி சத்தம். 10.20க்கு 45. போய்ப் பார்க்காமலேயே அடங்கியது. பார்த்தால்தான் அடங்கும் என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். எழுதிய எண்களையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லோருக்கும் தெரபி இப்படி இருக்காது. துக்கத்துக்கு, மனச்சோர்வுக்கு, கல்யாணச் சிக்கலுக்கு எல்லாம் முறை வேறு. ஆனால் வீட்டுக்குப் போய்ச் செய்ய ஏதாவது தருவார்கள். அதைச் செய்ய முடியாமல் போனால் செஷனையே தள்ளிப்போடத் தோன்றும், நான் ஒரு முறை அப்படித் தள்ளிப்போட்டேன். செய்யவில்லை என்று போய்ச் சொல்லலாம், ஏன் முடியவில்லை என்பதே அன்றைய பேச்சாகிவிடும்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசிடிக்கு மாத்திரையின் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்று முதலிலேயே டாக்டர் சொல்லியிருந்தார், எனக்குப் பத்து வாரம் ஆனது. நடுவில் ஒரு அக்கா “தூங்க வைக்கிற மாத்திரைதானே, விட்டுரு” என்றார். விடவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுத்தான்.

ஏழாவது செஷனுக்குப் பிறகு பாதி செஷன்கள் வீடியோவில். மதுரை போய்வரும் காசும் நாளும் மிச்சம். ஆனால் எங்கள் வீட்டில் வளவில் பேசினால் மாடியில் கேட்கும், திறந்த முற்றம், சத்தம் மேலே ஏறும். மாடியில் கோடி அறையில், கதவைச் சாத்தி, இயர்போன் போட்டுக்கொண்டு பேசினேன். சின்ன வீட்டில் இருக்கிறவர்கள் மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருக்கும் அறை என்று ஏதாவது ஒன்று பார்த்துவையுங்கள். யாராவது கேட்பார்களோ என்று பயந்துகொண்டே பேசினால் பாதி உள்ளேயே நின்றுவிடும்.

மொத்தம் இருபது செஷன்கள், முதலில் வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. இப்போது மாதம் ஒன்று. கடைசியாக அந்தப் பத்துக் கேள்வித் தாளைப் போட்டபோது 11. சிசிடிவியைக் கழற்றவில்லை, ஆனால் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். மகனோடு ஒன்பது மணிக்கு உட்கார்கிறேன். அல்ஜீப்ரா எனக்கே மறந்துவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்து படிக்கிறோம். காய்ச்சல் வந்தாலோ வீட்டுக்காரர் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் வாரத்திலோ இரண்டு மூன்று சுற்று வந்துவிடுகிறது. வந்தால் நோட்டில் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் வீட்டில் படைப்பு. சென்னை, கோயம்புத்தூர், மலேசியாவிலிருந்தெல்லாம் பங்காளிகள் வருகிறார்கள். மூன்று நாளும் எல்லா அறையும் திறந்திருக்கும், நாற்பது பேர் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருப்பார்கள். ராத்திரி பூட்டும் பொறுப்பு யாருக்கு என்று சித்தப்பா போனில் கேட்டார்கள். “நீங்களே பூட்டுங்க சித்தப்பா, சாவிய உங்ககிட்ட குடுத்துடறேன்” என்றேன். வளையத்தில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும் இடம்தான் பிடி என்றும் சொல்லிவைத்தேன். ஏணியில் அது தொண்ணூறு.